திமிங்கலத் தீர்மானமும் முயல் வறுவலும்

கடலுக்கும் எங்கள் ஊருக்கும் சம்பந்தமில்லை. அரியலூரில் அலையடிப்பது சுண்ணாம்புக்கல் லாரிகள் கிளப்பும் தூசி மட்டும்தான். அந்த ஊரில் ஒரு சனிக்கிழமை காலை, முப்பத்தொரு ஓய்வூதியர்கள் கூடித் திமிங்கல வேட்டையைக் கண்டித்துத் தீர்மானம் போட்டோம். போட்ட கையோடு முயல் வறுவல் சாப்பிட்டோம். இரண்டையும் ஒரே குறிப்பேட்டில் ஒரே பேனாவால் எழுதியவன் நான். சங்கத்தின் செயலாளராக இருந்தேன். இப்போது இல்லை.

நான் ஆட்சியர் அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன். பெரம்பலூரிலிருந்து அரியலூரைப் பிரித்தார்கள், சேர்த்தார்கள், மறுபடி பிரித்தார்கள். ஒவ்வொரு முறையும் கோப்புகளை மூட்டை கட்டியவர்களில் நானும் ஒருவன். ஒரு காகிதம் எந்த மேசையில் பிறந்து எந்த மேசையில் சாகும் என்பது எனக்குத் தெரியும். ஓய்வு பெற்ற பிறகு இந்த அறிவை வைத்துக்கொண்டு என்ன செய்வது? சங்கத்துக்குச் செயலாளராக ஆனேன்.

எங்கள் சங்கத் தலைவர் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர், பாடம் புவியியல். சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில், காலை வணக்கங்களுக்கும் இரங்கல் செய்திகளுக்கும் நடுவே, ஒருநாள் அவர் ஒரு வீடியோ போட்டார். வடகடலில் ஏதோ ஒரு தீவு. படகுகள் திமிங்கலங்களைக் கரைக்கு விரட்டுகின்றன. கரையில் ஆட்கள் கொக்கியோடு நிற்கிறார்கள். கொஞ்ச நேரத்தில் கடல் குங்குமக் கரைசலாகிறது. அழுகிற முகங்கள் பதினெட்டு வந்தன. கைகூப்பல்கள் ஒன்பது. ஒருவர் வழக்கமான ஞாபகத்தில் 'ஆழ்ந்த இரங்கல்' என்று போட்டுவிட்டார். அதுவும் பொருத்தமாகவே இருந்தது.

"இதை இப்படியே விடக் கூடாதுங்க. தீர்மானம் போடணும்" என்றார் தலைவர், தொலைபேசியில்.

"நம்ம சங்கத்துக்கும் திமிங்கலத்துக்கும் என்ன தொடர்புன்னு யாராவது கேட்டா?"

"அரியலூரே ஒரு காலத்துல கடல் சார். குவாரியில கிளிஞ்சல் கல்லு கெடைக்குதுல்ல? நமக்கில்லாத உரிமையா?"

கடல் இருந்தது உண்மைதான். அந்தக் கடல் இருந்த காலத்தில் திமிங்கலம் என்ற பிராணியே உலகத்தில் தோன்றியிருக்கவில்லை என்பதையும் அவரே பிறகு ஒருநாள் சொன்னார். அது குறிப்பேட்டில் ஏறவில்லை.

கூட்டத்துக்கு வந்தால் சாப்பாடு உண்டு என்பது எங்கள் சங்கத்தின் எழுதப்படாத விதி. சாப்பாடு இல்லாத மாதங்களில் வருகைப் பதிவேடு ஒரு பக்கத்தைத் தாண்டியதில்லை. சமைப்பவர் தா.பழூர்ப் பக்கத்துக்காரர், நாற்பது வயதிருக்கும். கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம் எல்லாவற்றுக்கும் சமைப்பார். கைவிடப்பட்ட குவாரிகளைச் சுற்றிச் சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கும் இடங்களில் வலை கட்டி முயல் பிடிப்பார் என்பது ஊருக்கே தெரிந்த ரகசியம். திமிங்கலக் கூட்டத்துக்கு முந்தைய கூட்டத்தில், கை கழுவிக்கொண்டே தலைவர் அவரிடம் சொன்னார்:

"யப்பா, பிராய்லர் தின்னு தின்னு நாக்கே செத்துப் போச்சு. அடுத்த தடவை மொசல் கெடைக்குமா?"

"கெடைக்கும் சார். வெளியில மட்டும் சொல்லாதீங்க."

நான் பக்கத்தில் நின்று பல் குத்திக்கொண்டிருந்தேன். முயல் பிடிப்பது குற்றம், பிடிக்கச் சொல்வதும் குற்றம், வாங்குவதும் குற்றம் என்று எனக்குத் தெரியும். அந்தச் சட்டத்தை இரண்டு மாவட்டங்களுக்குச் சுற்றறிக்கையாக அனுப்பியவன் நான். இருந்தும் நான் சொன்னது இவ்வளவுதான்: "மிளகு கொஞ்சம் தூக்கலா இருக்கட்டும்."

அந்தச் சனிக்கிழமை நிகழ்ச்சி நிரலில் பொருள் மூன்று, மருத்துவக் காப்பீட்டு அட்டை. பொருள் நான்கு, 'திமிங்கல வேட்டை - கண்டனம் தெரிவித்தல் - தொடர்பாக.' தலைவர் எழுந்து அரை மணி நேரம் பேசினார். திமிங்கலம் மீனல்ல, பாலூட்டி. குட்டிக்குப் பால் கொடுக்கிறது. கூட்டமாக வாழ்கிறது. ஒன்றுக்கொன்று பேசிக்கொள்கிறது, பாட்டுக்கூடப் பாடுகிறது.

கூட்டுறவுத் துறையில் இருந்த ஒருவர் பின்வரிசையிலிருந்து சொன்னார்: "ஆடு கூடத்தான் பாடுது தலைவரே. நாம காது குடுக்கறதில்ல."

சிரிப்பு அடங்கியதும் ஜப்பான் வந்தது. அங்கே பல வருடம் ஆராய்ச்சிக்கு என்று சொல்லித் திமிங்கலம் பிடித்தார்கள், ஆராய்ச்சி முடிந்த கறியைக் கடையில் விற்றார்கள் என்று ஒருவர் விளக்கினார். சபை கொதித்தது. எனக்கு, கோப்புகளோடு வாழ்ந்தவன் என்ற முறையில், ஜப்பான்காரன் மேல் ஒரு மரியாதை வந்தது. சட்டத்தை மீறுவதற்கு இவ்வளவு ஒழுங்கான படிவம் நம் ஊரில் யாரும் தயாரித்ததில்லை. பிறகு நார்வே வந்தது. பரம்பரைப் பழக்கம், எண்ணிக்கை குறையவில்லை, வெளிநாட்டுக்காரன் எங்களுக்குப் பாடம் எடுக்க வேண்டாம் என்று அவர்கள் சொல்கிறார்களாம். "பழக்கம்னா கொலை நியாயமாயிடுமா?" என்று தலைவர் மேசையைத் தட்டினார். கைதட்டினோம்.

எங்கள் சங்கத்தில் எதிர்க்கேள்வி கேட்பவர் ஒரே ஒருவர். அரசு மருத்துவமனையில் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவர். எல்லாரும் சிஸ்டர் என்றுதான் கூப்பிடுவோம்.

"பனி தேசத்துல இருக்கறவங்க என்ன பண்ணுவாங்க? அங்க கத்திரிக்காயா வெளையுது? அவங்களுக்கு அதைப் புடிச்சாத்தானே சோறு?"

"அது வேற சிஸ்டர். உசிரு வாழறதுக்குன்னா யாரும் தப்பு சொல்ல மாட்டாங்க. ருசிக்காகக் கொல்றாம் பாருங்க, அதைத்தான் கண்டிக்கறோம்."

"அப்ப அதை அப்படியே எழுதுங்க" என்றார் சிஸ்டர். எழுதினேன். என் பணிக்காலத்தில் இவ்வளவு தெளிவான வாக்கியத்தை நான் எழுதியதில்லை: 'உயிர் வாழ வேறு உணவு இருந்தும், ருசிக்காகவும் பழக்கத்துக்காகவும் வன உயிர்களைக் கொல்வதை இச்சங்கம் வன்மையாகக் கண்டிக்கிறது.' திமிங்கலம் என்று போட்டிருந்த இடத்தில் 'வன உயிர்கள்' என்று திருத்தியது தலைவர். விரிவாக இருக்கட்டுமாம். அதே நேரத்தில் பின்கட்டிலிருந்து மிளகும் கறிவேப்பிலையும் எண்ணெயில் விழும் வாசனை வந்தது. தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. பசியும் ஒரு காரணம்.

எட்டு முயல். ஆளுக்கு நாலு துண்டு வந்தது. அப்படி ஒரு வறுவலை நான் அதற்கு முன்னும் சாப்பிட்டதில்லை, பின்னும் சாப்பிட முடியாது. சிஸ்டர் இலையில் எலும்பு சுத்தமாகக் கிடந்தது.

இனி வருவது என் தவறு. எங்களைப் போன்றவர்களால் மட்டும் செய்யக்கூடிய தவறு. கூட்டம் என்றால் நன்றியுரை வேண்டும். நன்றியுரை என்றால் குறிப்பேட்டில் ஒரு பத்தி வேண்டும். நன்றி சொல்லப்படுகிறவர் யார் என்று பின்னால் தணிக்கையில் கேட்டால் பதில் வேண்டும். ஆகவே ஏழாவது பத்தியில் எழுதினேன்: 'தாமே நேரில் சென்று பிடித்த எட்டு காட்டு முயல்களைக் கொண்டு சுவையான வறுவல் தயாரித்து வழங்கிய' சமையல்காரருக்குச் சங்கம் நன்றி தெரிவிக்கிறது. அவருடைய பெயர், தகப்பனார் பெயர், கிராமம் மூன்றையும் சேர்த்தேன். அவர் பேச்சுவாக்கில் எந்தக் குவாரி என்று சொல்லியிருந்தார். அதையும் சேர்த்தேன். கீழே முப்பத்தொரு கையெழுத்து.

தீர்மானத்தை எந்தத் துறைக்கு அனுப்புவது என்பதில் தனி விவாதம் நடந்தது. மீன்வளத் துறை என்றார் ஒருவர். மீனே இல்லை என்று இப்போதுதானே பேசினோம் என்றார் இன்னொருவர். பால் கொடுப்பதால் கால்நடைத் துறை என்று ஒரு யோசனையும் வந்தது. நான் தலையிட்டேன். திமிங்கலம் வன உயிர்ச் சட்டத்தின் பட்டியலில் இருக்கிறது, எனவே வனத் துறைக்குத்தான் போக வேண்டும் என்று விளக்கினேன். எல்லாரும் என்னைப் பெருமையோடு பார்த்தார்கள். தீர்மானத்தை மட்டும் பிய்த்து அனுப்பும் பழக்கம் எனக்கில்லை. கூட்டக் குறிப்பு முழுவதையும் உண்மை நகலாக இணைத்து, பதிவஞ்சலில், ஒப்புகை அட்டையோடு அனுப்பினேன்.

இரண்டு வாரம் கழித்து வனத் துறை ரேஞ்சர் போனில் கூப்பிட்டார். இளைஞர், வெளி மாவட்டத்துக்காரர், குரலில் மரியாதை இருந்தது.

"சார், திமிங்கலம் பத்தி அனுப்பியிருந்தீங்க. ரொம்ப நல்லா எழுதியிருக்கீங்க."

"நன்றிங்க."

"நாலாவது பத்தியும் படிச்சேன். ஏழாவது பத்தியும் படிச்சேன்."

ஏழாவது பத்தியில் என்ன எழுதினேன் என்பது எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது.

"அந்த சமையல்காரரை வரச் சொல்லியிருக்கேன் சார். எல்லா விவரமும் நீங்களே குடுத்திட்டீங்க, நாங்க தேட வேண்டிய வேலை இல்ல."

மறுநாள் காலையில் சமையல்காரர் என் வீட்டு வாசலில் நின்றார். உள்ளே வாங்க என்றேன், வரவில்லை.

"சார், சிங்கப்பூர்ல ஓட்டல் வேலைக்கு எல்லாம் முடிஞ்சு போச்சு. போலீஸ்ல சர்டிபிகேட்டு ஒண்ணுதான் பாக்கி. இப்ப கேஸு ஒண்ணு விழுந்தா அதோட போச்சு சார். ரெண்டு வருசமா அலைஞ்சேன்."

"பயப்படாதீங்க, பாக்கலாம்."

"என்ன சார் பாக்கறது? மொசல் வேணும்னு கேட்டது யாரு?"

"தலைவர்தானே கேட்டார்."

"நீங்க மொளகு தூக்கலா போடச் சொன்னீங்க."

அன்று மாலையே அவசரக் கூட்டம். சாப்பாடு இல்லாமலே எல்லாரும் வந்திருந்தார்கள். சங்க வரலாற்றில் அது ஒன்றுதான் அப்படி. ஓய்வூதியம் என்பது எதிர்கால நன்னடத்தைக்கு உட்பட்டது என்ற விதியை யாரோ ஞாபகப்படுத்திவிட்டார். அது பெரிய குற்றங்களில் தண்டனை பெற்றவர்களுக்குத்தான் என்று நான் சொன்னேன். யாரும் கேட்கவில்லை.

முதல் யோசனை, பிழை திருத்தம் அனுப்புவது. 'தாமே நேரில் சென்று பிடித்த காட்டு முயல்கள்' என்பதைப் 'பண்ணையில் வாங்கிய வளர்ப்பு முயல்கள்' எனத் திருத்தி வாசிக்கவும். பண்ணைக்கு ரசீது கேட்பார்கள் என்றேன்.

இரண்டாவது யோசனையைத் தலைவர் சொன்னார். "வளர்ப்பு மொசல்னு சொல்லித்தான் அவன் நம்மளுக்குப் போட்டான். நாம ஏமாந்துட்டோம். அப்படி எழுதிக் குடுத்துடுவோம்."

"குறிப்புல காட்டு மொசல்னு எழுதி, நீங்கதானே முதல் கையெழுத்துப் போட்டிருக்கீங்க?" என்றார் சிஸ்டர்.

"அவசரத்துல படிக்காமப் போட்டுட்டேன் சிஸ்டர்."

அதன் பிறகு சபை சூடுபிடித்தது. எட்டே எட்டு முயல், இதுக்குப் போய் இவ்வளவா? இந்த ஊர்ல காலங்காலமா திங்கறதுதான், இன்னிக்கு நேத்தா? மொசல் என்ன அழிஞ்சா போச்சு, கடலைக் கொல்லைல பூந்து நாசம் பண்ணுதுல்ல? வெளியூர்லேருந்து வந்த ரேஞ்சருக்கு நம்ம பழக்கவழக்கம் என்ன தெரியும்?

நான் வழக்கம்போல எல்லாவற்றையும் குறித்துக்கொண்டிருந்தேன். சிஸ்டர் என் நோட்டை எட்டிப் பார்த்துவிட்டுத் தலைவரிடம் சொன்னார்: "தலைவரே, போன மாசம் இதையெல்லாம் நார்வேக்காரன் சொல்றான்னுதானே கண்டிச்சோம்?"

"சிஸ்டர், அது திமிங்கலம்."

"சரி. மொசலு பாடலை, அதானே?"

தலைவர் வாக்கெடுப்புக்கு விட்டார். சமையல்காரர் ஏமாற்றிவிட்டார் என்ற கடிதத்துக்கு இருபத்தொன்பது கைகள் உயர்ந்தன. எழுதும் பொறுப்பு எனக்கு. செயலாளர் அல்லவா?

வீட்டுக்கு வந்து மேசையில் உட்கார்ந்தேன். இந்தக் கடிதத்தை எழுத எனக்குப் பத்து நிமிடம் போதும். இதைவிட மோசமானவற்றை அரசாங்க முத்திரையோடு எழுதியிருக்கிறேன். கீழே இருப்பவன் தலையில் இறக்குவது எப்படி என்பதற்கு என்னிடம் மாதிரிப் படிவமே இருக்கிறது: 'மேற்படி நபர் உண்மையை மறைத்து...' அந்த இடத்தில் நின்றேன். உண்மையை மறைக்காத ஒரே ஆள் அந்த மேற்படி நபர்தான். முயல் என்றார், முயலைத்தான் போட்டார். மறைக்கச் சொன்ன ஒரே விஷயத்தை நான் தகப்பனார் பெயரோடு பதிவஞ்சலில் அனுப்பினேன். இப்போது அவருடைய சிங்கப்பூரையும் நானே அதே பேனாவால் அடிக்க வேண்டும்.

இதில் என்னை நல்லவனாகக் காட்டிக்கொள்ள ஒன்றுமில்லை. எனக்குப் பொய் எழுத வெட்கம் இல்லை. இவ்வளவு மட்டமான பொய்யில் என் கையெழுத்து இருக்க வேண்டுமா என்பதுதான் என் சங்கடம். கடிதத்தை எழுதவில்லை. சிஸ்டருக்குப் போன் செய்தேன்.

"நானும் வரேன்" என்றார். "நாலு துண்டு தின்னவ நானு."

வனச்சரக அலுவலகத்தில் சமையல்காரர் மர பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். வெள்ளைச் சட்டை போட்டு, பாஸ்போர்ட்டைப் பிளாஸ்டிக் உறையில் வைத்து மடியில் பிடித்திருந்தார். எதற்குக் கொண்டு வந்தார் என்று தெரியவில்லை. ரேஞ்சர் எங்களுக்கு நாற்காலி போடச் சொன்னார். நான் ஒரு தாளை நீட்டினேன். முயல் கேட்டது சங்கம், பிடித்துத் தரச் சொன்னது தலைவர், தடுத்திருக்க வேண்டிய செயலாளர் தடுக்கவில்லை, சாப்பிட்டவர்கள் பட்டியல் இணைப்பு.

அவர் இரண்டு முறை படித்தார்.

"சார், இதை வாங்கினா நான் முப்பத்திரண்டு பேர் மேல கேஸ் போடணும்."

"ஆமாங்க. தூண்டியவர்களும் குற்றவாளிகள்தான். தலைவர் இரண்டாவது, நான் மூன்றாவது."

"எனக்கு இருக்கறது ஒரு வனவர், ரெண்டு காப்பாளர். முப்பத்திரண்டு பேருக்கு வாக்குமூலம் எடுக்கணும். பாதிப் பேருக்குச் சுகர் இருக்கும்."

"முக்கால்வாசிப் பேருக்கு" என்றார் சிஸ்டர். "ரெண்டு பேருக்கு பைபாஸ் பண்ணியிருக்கு."

ரேஞ்சர் ஜன்னலைப் பார்த்தார். கையில் தோல் இல்லை, வலை இல்லை, கறி இல்லை. இருப்பது என்னுடைய குறிப்பு மட்டும். ஒரு சமையல்காரர் தனியாக இருந்தபோது அது சாட்சியாக இருந்தது. முப்பத்தொரு ஓய்வு பெற்ற அரசு ஊழியர்கள் பக்கத்தில் வந்து நின்றதும் அது வெறும் காகிதமாகிவிட்டது. குற்றம் பெரிதானதும் வழக்கு சிறிதாகிவிடும் என்பதை நான் வேலையில் இருந்தபோதும் பார்த்திருக்கிறேன். அன்றைக்குத்தான் அதனால் ஒரு நல்லது நடந்து பார்த்தேன்.

"கேஸ் வேண்டாம். எச்சரிக்கை பண்ணி விட்டுடறேன்" என்று சொல்லி ஒரு தாளை எடுத்தார். இனிமேல் வன உயிர்களைப் பிடிக்க மாட்டேன் என்ற உறுதிமொழி. சமையல்காரர் அதைப் படிக்காமலே கையெழுத்துப் போடப் போனார். நான் தடுத்து, வரி வரியாகப் படித்துக் காட்டினேன். பிறகுதான் அவர் கையெழுத்துப் போட்டார்.

"எங்களுக்கு?" என்றார் சிஸ்டர்.

"உங்களுக்கெல்லாம் எதுக்கும்மா? நீங்க போங்க."

"புடிச்சவரு எழுதிக் குடுக்கணும், தின்னவங்க வூட்டுக்குப் போயிடலாமா?"

ரேஞ்சர் சிரித்தார். பேனாவைத் தரவில்லை. சிஸ்டர் தன் கைப்பையிலிருந்து ஒன்றை எடுத்து, சமையல்காரரின் கையெழுத்துக்குக் கீழே போட்டார். நான் அதற்குக் கீழே போட்டேன். அப்படி மூன்று கையெழுத்துப் போட அந்தப் படிவத்தில் இடம் இல்லை. ஓரத்தில் போட்டோம்.

அடுத்த கூட்டத்தில், சங்கத்தின் முடிவை நிறைவேற்றத் தவறியதாக என்னைப் பொறுப்பிலிருந்து நீக்கினார்கள். முறைப்படி முன்மொழிந்து, முறைப்படி வழிமொழிந்தார்கள். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. புதிய செயலாளர் நன்றியுரையைக் குறிப்பேட்டில் எழுதுவதில்லை என்று கேள்வி. திமிங்கலத் தீர்மானத்துக்கும் ஒருநாள் பதில் வந்ததாம். நாங்கள் அனுப்பிய மனு பல மேசைகள் தாண்டி ஒரு கிராம நிர்வாக அலுவலரிடம் போயிருக்கிறது. அவர் விசாரித்து, தன் கிராமத்தில் திமிங்கலம் வேட்டையாடப்படுவதாகத் தகவல் ஏதும் இல்லை என்று அறிக்கை கொடுத்திருக்கிறார்.

சமையல்காரருக்குப் போலீஸ் சான்றிதழ் கிடைத்துவிட்டது. சிங்கப்பூர் கிளம்புகிற அன்று காலை, சென்னை ரயிலுக்காக அவர் அரியலூர் ஸ்டேஷனில் நின்றிருந்தார். சிஸ்டரும் நானும் போயிருந்தோம். அவருடைய மனைவி எங்களைப் பார்த்து வணக்கம் சொன்னார், அதற்கு மேல் பேசவில்லை. அவர் கோபம் எனக்குப் புரிந்தது. எல்லாம் ஆரம்பித்தது என் பேனாவில்தானே?

சிஸ்டர் சமையல்காரரிடம் பிஸ்கட் பொட்டலம் ஒன்றைக் கொடுத்தார். "அங்க மொசல்லாம் கேக்காத" என்றார். அவர் சிரித்துவிட்டார்.

ரயில் வந்து நின்றது. பெட்டியை ஏற்றிவிட்டு, படியில் நின்றபடி என்னைக் கூப்பிட்டார்.

"சார், ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"சொல்லுங்க."

"இனிமே எம் பேரை எங்கயும் எழுதாதீங்க சார். நல்லதுக்குக்கூட வேணாம்."

சரி என்றேன். அவர் நம்பியதாகத் தெரியவில்லை. வண்டி நகர்ந்து, சிமெண்ட் ஆலைப் புகைக்கூண்டுகள் பக்கம் திரும்புகிற வரைக்கும் படியிலேயே நின்று, என் சட்டைப் பையில் இருந்த பேனாவைப் பார்த்துக்கொண்டே போனார்.